நீர்க்குதிரையின் புகார்

'அஃது' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.
நடுவில் தொண்டை லேசாய் உரசுகிறதா?
அந்த உரசல்தான் ஸ்காட்லாந்து மலைக்காரர்களின்
ஏரிக்கு வால்: லொஃ.
குதிரைக்கும் அதே வால்: எஃ.
இரண்டையும் முடிச்சுப் போட்டால்
எனக்குத் தெரிந்த ஒரு பூதம் எழுந்து வரும்.

நீர்யானை இல்லை.
கண்ணாடித் தொட்டிக் கடற்குதிரையும் இல்லை.
லொஃ அர்டாவின் அடியில் கிடக்கும் நீர்க்குதிரை.
மைக்கறுப்பு. பிடரியெல்லாம் பாசி.
குளம்புகள் மட்டும் பின்பக்கம் பார்த்திருக்கும்.

பொழுது சாய்ந்தால் கரையேறிச்
சாதுவாய்ப் புல் மேயும்.
ஒரு பிள்ளை ஏறினால் முதுகு நீளும்.
அடுத்த பிள்ளைக்கும் இடம் வரும்,
ஏழாவது பிள்ளைக்கும் வரும்,
டவுன் பஸ் போல.
எல்லோரும் ஏறியதும் தோல் பசையாகும்.
கை ஒட்டும், கால் ஒட்டும்,
ஒரே பாய்ச்சல், தண்ணீர் மூடிக்கொள்ளும்.
மறுநாள் ஈரல் மட்டும் மிதக்கும்.
ஈரலை ஏன் விட்டுவைக்கிறது என்று கேட்காதீர்கள்.
எனக்கும் அது பிடிக்காது.

ஃபெரகர் என்றொருவன் ஒற்றை விரலால் தொட்டான்.
ஒட்டிக்கொண்டது.
இடுப்புக் கத்தியால் விரலை வெட்டிவிட்டு ஓடினான்.
பிறகு ஒன்பது விரலால் பைப் வாசித்தான்.
ஒரு சுரம் எப்போதும் விழாது.
விழாத இடத்தில் காலைத் தூக்கி
ஊரே ஆடப் பழகிக்கொண்டது.

ஆம், அங்கே ஊர் இருந்தது.
முப்பத்தொரு வீடு, கரிமண் புகை,
ஓட்ஸ் கஞ்சி, கறுத்த குட்டை மாடுகள்.

இருநூறு வருடத்துக்கு முன் ஒரு மே மாதம்
காகிதத்தோடு ஒரு காரியஸ்தன் வந்தான்.
காகிதம் ஆங்கிலத்தில் இருந்தது,
ஊருக்குத் தெரிந்ததோ கேலிக் மட்டும்.
நிலக்கிழாருக்கு மனிதரைவிட
ஆடு லாபமாம்.
கூரை மரத்துக்குத் தீ வைத்தார்கள்.

நீர்க்குதிரை மூக்கை மட்டும் நீட்டிப் பார்த்தது.
பெல்டேன் திருநாள் நெருப்பு என்று நினைத்தது.
பிள்ளைகள் ஏன் அதைச் சுற்றி ஓடவில்லை
என்று குழம்பியது.

கடைசியாய்க் கரைக்கு வந்தவள் ஒய்ரிக்,
இரும்புப் பானையை முதுகில் கட்டிக்கொண்டு.
கம்பளி அடிக்கும் பலகையில்
கைக்கொரு வரி கட்டுகிறவள்.
எழுதத் தெரியாது, எல்லாம் வாயில் இருந்தது.
தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள்:

"பின்குளம்பனே, கேள்.
நீ தலைமுறைக்கு ஒன்று தின்றாய்.
உன்னைத் திட்ட எங்களிடம் நூறு சொல் இருந்தது.
அவன் ஒரு காலையில் முப்பத்தொரு வீடு தின்றான்.
அவனைத் திட்டச் சொல் இல்லை.
ஈரல்கூட மிதக்கவில்லை."

கனடாவுக்குக் கப்பல் போனது.
பள்ளத்தாக்கில் ஆடுகள் வந்தன.
ஆடுகள் குதிரை ஏறாது.
மாலைதோறும் முதுகை நீட்டி நீட்டிப் பார்த்து
அலுத்துப்போய்
அவளுடைய ஆறு வரியைத்
தண்ணீருக்குள் முணுமுணுக்கக் கற்றது நீர்க்குதிரை.
பூதமும் பசித்தால் மனப்பாடம் செய்யும் போலிருக்கிறது.

போன வசந்தத்தில் இன்வெர்னெஸிலிருந்து
ஒரு பள்ளிப் பேருந்து வந்தது.
மார்சலி மக்காஸ்கில், வயது பதினொன்று,
நோட்டில் 'ஆடுகள் 214' என்று எழுதிவிட்டுச்
செந்தட்டிச் செடி மண்டிய இடங்களை எண்ணினாள்.
மனிதர் வாழ்ந்த மண்ணில்தான் அது அப்படி மண்டும்.
முப்பதுவரை எண்ணினாள்.
முப்பத்தொன்றாவதன் மேல்
ஒரு கறுப்புக் குதிரை நின்றது.
வெயிலில் நின்றும் சொட்டிக்கொண்டிருந்தது.

முதுகு ஒரு சாண் நீண்டது, பழைய பழக்கம்.
பிறகு வெட்கப்பட்டதுபோல் சுருங்கியது.
வாயைத் திறந்து ஆறு வரி சொன்னது.
அவள் பள்ளியில் கேலிக் உண்டு,
ஆனாலும் பாதிதான் பிடிபட்டது.

தூரத்தில் ஆசிரியர் விசில் ஊதினார்.
மார்சலிக்குக் கதை தெரியும்.
இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் திணித்தாள்.
பென்சிலும் உள்ளே போய்விட்டது.
இனி வாயில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

"மெதுவாக," என்றாள்.
"இன்னொரு தரம் சொல்."